திருட விடாத முற்றம்

அந்த ஊரில் யாரும் செடியைக் கேட்டு வாங்கமாட்டார்கள். திருடுவார்கள். கொடுத்த கிளை வேர் பிடிக்காது, திருடிய கிளைதான் பிடிக்கும் என்பது குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. கிளையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாலோ கதை முடிந்தது, ஒரு வாரத்தில் செடி கருகிப் போகும்.

அதனால் திருட்டுக்கென்று அங்கே ஒரு நாகரிகம் இருந்தது. விருந்தாளியின் கண் ஒரு செடியின் மேல் கொஞ்சம் அதிகமாகத் தங்கினால், வீட்டுக்காரி "ஐயோ, அடுப்புல பாலை வச்சிட்டு வந்துட்டேன்" என்று உள்ளே போக வேண்டும். போனவள் சட்டென்று திரும்பி வந்துவிடக் கூடாது. விருந்தாளி ஒரு கிளையைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். மே மாதத்தில் முற்றங்களைத் திறந்து வைக்கும் திருவிழா வந்தால் இந்தத் திருட்டு உச்சத்துக்குப் போகும். மாலையில் பெண்கள் வாசலில் நின்று பீற்றிக்கொள்வார்கள். "எங்க வீட்டுக் கார்னேஷனை மொட்டையடிச்சிட்டுப் போயிட்டாளுங்க" என்று ஒருத்தி அலுத்துக்கொண்டால், அவள் உள்ளுக்குள் குளிர்ந்து போயிருக்கிறாள் என்று அர்த்தம். யாரும் எதையும் திருடாத வீடு என்றால், அந்த வீட்டுக்காரிக்கு ஊரில் மதிப்பில்லை என்று பொருள்.

கசில்தாவின் முற்றத்துக்கு அந்த மதிப்பு நிறையவே இருந்தது. வெள்ளையடித்த நான்கு சுவர்களிலும் நீலத் தொட்டிகள் வரிசையாகத் தொங்கின. நடுவில் கிணறு, கிணற்றடியில் எலுமிச்சை, படிக்கட்டு நெடுகக் காகிதப்பூ. அவளுடைய கணவன் அன்செல்மோ தினமும் காலையில் நீண்ட நாணல் கழியின் நுனியில் கட்டிய தகர டப்பாவால், மேல் வரிசைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவான். கழுத்து வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டேதான் ஊற்றுவான். ஆனாலும் ஒரு நாளும் தவறியதில்லை.

இத்தனைக்கும் நடுவில், கண்ணுக்கு நேரான உயரத்தில், ஒரு கொடி ஜெரேனியம் இருந்தது. பூ கருஞ்சிவப்பு. உலர்ந்த திராட்சை நிறம் என்றே சொல்லலாம். இதழின் ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. அப்படி ஒரு பூ ஊரில் வேறு எந்த வீட்டிலும் இல்லை.

முன்பு இருந்தது. பக்கத்துத் தெரு அராசெலியின் வீட்டில். சொல்லப்போனால் அது அராசெலியின் செடிதான். கசில்தா கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சுவருக்குக் கீழே நின்று வாயைப் பிளந்ததைப் பார்த்து, "எங்கியோ பூனை கத்துது, பாத்துட்டு வரேன்டி" என்று அராசெலி உள்ளே போனாள். அராசெலி வீட்டில் பூனையே கிடையாது. அவள் திரும்பி வருவதற்குள் ஒரு கிளை கசில்தாவின் பைக்குள் போயிருந்தது. அன்றிலிருந்து இருவரும் அக்கா தங்கை மாதிரி.

போன கோடையில் பழுப்பு வண்ணத்துப்பூச்சி வந்தது. பார்க்க அழகாக இருக்கும் அந்தச் சனியன், மொட்டில் முட்டை இடும். புழு தண்டைத் துளைத்துக்கொண்டு போய்ச் செடியை உள்ளேயே தின்றுவிடும். ஊரில் பாதி ஜெரேனியம் அதில் போயிற்று. அராசெலியின் கருஞ்சிவப்பும் வேரோடு போயிற்று. கசில்தா மட்டும் கொசுவலை கட்டி, பல் குத்தும் குச்சியால் புழுக்களைக் குத்தி எடுத்து, தன் செடியைக் காப்பாற்றிவிட்டாள். அதற்கு அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

செடி பிழைத்தால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அராசெலி வருவாள். கசில்தாவுக்கு அடுப்பு ஞாபகம் வரும். செடி பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். ஊரில் இந்தத் திருட்டு வழக்கம் உண்டானதே இதற்காகத்தானே? உன் செடி நாலு வீட்டில் இருந்தால், உன்னுடையது செத்தாலும் செடி சாகாது.

ஆனால் முற்றச் சங்கத்தின் தலைவர் தோன் ஹசிந்தோ பிப்ரவரியில் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார். "ஊர்லயே ஒத்தைச் செடிம்மா இது. நடுவருங்க இந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடுவாங்க. இந்த வருஷம் முதல் பரிசு ஓடு உங்க வாசல்லதான் பதியும்னு நெனைக்கறேன்." திருவிழாவில் சிறந்த முற்றத்துக்குத் தரும் முதல் பரிசு என்பது பூவேலை செய்த ஒரு பீங்கான் ஓடு. அதை வாசல் பக்கத்தில் பதித்துக்கொள்ளலாம். கசில்தா பத்திருபது வருஷமாக இரண்டாவதும் மூன்றாவதும் வாங்கி அலுத்தவள். ஒத்தைச் செடி என்ற அந்தச் சொல் அவள் மனசில் வேர் பிடித்துக்கொண்டது.

'இந்த மே மட்டும் போகட்டும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'ஜூன்ல அக்கா ஒரு கிளை என்ன, பாதிச் செடியையே எடுத்துக்கட்டும்.'

திருவிழா தொடங்கியது. கசில்தா முற்றத்திலேயே மேஜை போட்டு வைன் ஜாடி, கிண்ணங்கள், நத்தைக் குழம்பு, தேன் ஊற்றிய கத்திரிக்காய் வறுவல் என்று எல்லாவற்றையும் காலையிலேயே வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டாள். எதற்கும் உள்ளே போக வேண்டியிருக்கக் கூடாது. கருஞ்சிவப்புக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தாள். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று நம் பக்கம் சொல்வார்களே, அந்த வகை ஆகிவிட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் நாற்காலியை விட்டு எழவில்லை.

அராசெலி முதல் நாளே வந்தாள். செடியைப் பார்த்தாள். இலையின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லா வச்சிருக்கடி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்புல ஏதாச்சும் வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. எல்லாத்தையும் வெளியில கொண்டாந்துட்டேன்."

"ஓஹோ."

மறுநாளும் வந்தாள். "யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்கே?"

"கதவு தொறந்துதானேக்கா இருக்கு."

மூன்றாம் நாளும் வந்தாள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள், போனாள். அவள் முதுகைப் பார்க்கும்போது கசில்தாவுக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்று குத்தும். ஆனாலும் ஓடு இன்னும் வாசலில் பதியவில்லையே.

சனிக்கிழமை கூட்டம் நெரிந்தது. வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று உள்ளே வந்தார்கள். எதிர்வீட்டு எங்ராசியா, ஊர் வம்பெல்லாம் அவள் வாயில்தான், நத்தையைக் குச்சியால் குத்தித் தின்றபடி எல்லோரையும் எடை போட்டுக்கொண்டிருந்தாள். அராசெலியும் வந்து சுவரோரம் நின்றிருந்தாள். தோன் ஹசிந்தோ ஒரு பக்கம் கிண்ணத்தோடு நின்றார்.

யாரோ ஒரு வெளியூர்க்காரி எலுமிச்சையைப் பற்றி ஏதோ கேட்க, கசில்தா பதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். கருஞ்சிவப்பில் இருந்த நீளமான கிளை, இரண்டு கொத்துப் பூவோடு முன்பக்கம் தொங்கிய கிளை, இல்லை. ஒடிந்த இடம் பச்சையாக இருந்தது.

அராசெலி கைப்பையை இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, நில்லு."

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று கசில்தாவுக்கே ஆச்சரியம். முற்றத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னடி?"

"கிளை எங்க?"

"எந்தக் கிளை?"

"நான் இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள எடுத்துட்டியேக்கா. நடுவருங்க இன்னும் வரல. இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியலயா உனக்கு?"

"நான் எடுக்கலடி, கசில்தா."

"அப்ப அந்தப் பையில என்ன இருக்கு?"

எங்ராசியா குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். தோன் ஹசிந்தோ "அட விடுங்கம்மா, ஒரு கிளைதானே" என்று முனகினார். செடி எடுத்தாயா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டது அந்த ஊர்ச் சரித்திரத்தில் இல்லை. கேட்டதோடு கசில்தா நிற்கவில்லை. "பையைத் தொற, அக்கா" என்றாள்.

அராசெலி பையைத் திறக்கவில்லை. அப்படியே கசில்தாவின் கையில் கொடுத்துவிட்டாள். கசில்தாதான் திறந்தாள். உள்ளே ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு, வீட்டுச் சாவி, சின்னக் கத்தரிக்கோல். ஒரு ஈரத்துணி. நாலாக மடித்த துணி. அதற்குள் ஒன்றும் இல்லை.

"நாலு நாளா நனைச்சு எடுத்துட்டு வரேன்" என்று அராசெலி மெதுவாகச் சொன்னாள். "நீதான் திரும்பவே மாட்டேங்கற."

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊர்க்காரர்களுக்கு எல்லாமே புரிந்தது. அவள் திருடத்தான் வந்தாள். நான்கு நாளும் மரியாதையாகத் திருடக் காத்திருந்தாள். வீட்டுக்காரி முதுகைத் திருப்பாததால், தன் செடியைத் தானே தொடாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்போது கிணற்றடியில் நின்ற அன்செல்மோ தொண்டையைக் கனைத்தான். கையில் நாணல் கழி. மற்றொரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு, புகையிலைத் தூளோடு சேர்த்து எதையோ எடுத்தான். வாடி வதங்கிய கீரை மாதிரி ஒரு கிளை. இரண்டு கொத்துப் பூ.

"காலையில தண்ணி ஊத்தும்போது டப்பா பட்டு ஒடிஞ்சிருச்சு" என்றான். "நீ கத்துவியேன்னு பயந்து... மத்த கிளைப் பூவையெல்லாம் இழுத்து மறைச்சு வச்சேன். காத்துல நகர்ந்திருச்சுபோல."

கசில்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இன்னும் அராசெலியின் பை இருந்தது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. பூமி அப்படியெல்லாம் யாருக்கும் சௌகரியம் செய்து கொடுக்காது. அராசெலியே கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

"தண்ணியில போட்டு வச்சிருக்கலாமே, அன்செல்மோ" என்றாள், அந்த வாடிய கிளையைப் பார்த்து. "பாவம்." பிறகு போய்விட்டாள்.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. எங்ராசியாகூட வாயைத் திறக்கவில்லை. அதுதான் கசில்தாவுக்குத் தாங்கவில்லை. எலுமிச்சைப் புல், கார்னேஷன், துளசி எல்லாம் காலையில் இருந்தபடியே இருந்தன. மாலையில் தெருப் பெண்கள் வாசலில் நின்று அன்றைய திருட்டுக் கணக்கைப் பேசிச் சிரித்தபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீயாச்சும் முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றாள் அன்செல்மோவிடம்.

"சொல்லியிருக்கலாம்" என்றான் அவன். "ஆனா பையைத் தொறன்னு நான் சொல்லலயே."

அவன் சொன்னது உண்மை. ஒடித்தவன் அவன், அசிங்கப்படுத்தியவள் இவள்.

ஞாயிறு காலையில், செடியில் இருந்ததிலேயே நல்ல கிளையை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கசில்தா அராசெலியின் வீட்டுக்குப் போனாள். அராசெலி கதவைத் திறந்து வணக்கம் சொன்னாள். உட்காரச் சொன்னாள். காப்பி போட்டாள். கசில்தா பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, இது..."

அராசெலி அதைத் தொடவில்லை. "கொடுத்தது பிடிக்காதும்மா" என்றாள். "உனக்குத் தெரியாதா."

இத்தனை வருஷத்தில் அராசெலி அவளை 'டி' போடாமல் கூப்பிட்டதில்லை. இப்போது 'ம்மா'. வெளியூரிலிருந்து வந்த தபால்காரியைக் கூப்பிடுகிற மரியாதை. திட்டியிருந்தால் கசில்தா அழுதுவிட்டுச் சமாதானமாகியிருப்பாள். காப்பியைக் குடித்துவிட்டுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். வரும் வழியெல்லாம் அந்த 'ம்மா' காதில் ஒலித்துக்கொண்டே வந்தது.

அன்று மதியம் நடுவர்கள் வந்து பார்த்தார்கள், மாலையில் முடிவு சொன்னார்கள். முதல் பரிசு கசில்தாவுக்கு. நடுவர் குழு அந்தச் செடியைப் பற்றிக் குறிப்பாகச் சொன்னதாம், அப்படி ஒன்றை வேறு எங்கும் பார்க்கவில்லை என்று. தோன் ஹசிந்தோ ஓட்டைக் கையில் கொடுத்தபோது கூட்டம் கைதட்டியது. அராசெலியும் தட்டினாள். கசில்தாவுக்கு அந்தக் கைத்தட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுவதுபோல் இருந்தது.

முதல் பரிசு வாங்கியவர் வீட்டில் கடைசி வைன் என்பது வழக்கம். எல்லோரும் வந்தார்கள். அராசெலியும் வந்தாள். வராமல் இருந்தால் சண்டை என்று ஆகிவிடும், அவள் சண்டைக்காரி இல்லை. கருஞ்சிவப்புக்குக் கீழே இருந்த நாற்காலியில் கசில்தாவே அவளை உட்கார வைத்தாள். கத்தரிக்கோலைப் பக்கத்துத் திண்டின்மேல் கண்ணில் படும்படி வைத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஐயோ, அடுப்புல வச்சதை மறந்தே போயிட்டேன்" என்றாள்.

உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. அணைந்த அடுப்பைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். 'எடுத்துக்கோக்கா, எடுத்துக்கோ' என்று வாய்க்குள் சொன்னாள். கழுவிய கிண்ணங்களை மறுபடி கழுவினாள். ஒரு ரொட்டி வேகும் நேரம் அப்படியே நின்றிருப்பாள்.

வெளியே வந்தபோது அராசெலி அதே நாற்காலியில் உட்கார்ந்து நத்தை தின்றுகொண்டிருந்தாள். கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே இருந்தது. கிளைகள் எல்லாம் இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, "நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். ஒரு துளசி இலையைக்கூட யாரும் கிள்ளவில்லை.

பரிசு ஓட்டை வாசலில் பதிக்க அன்செல்மோ சிமெண்டு குழைத்தான். கசில்தா வேண்டாம் என்றுவிட்டாள். ஓடு அலமாரியில் குப்புறக் கிடந்தது. அவள் கடைக்குப் போகும்போது தலை நிமிர்வதில்லை. தெருவில் யாராவது சிரித்தால் தன்னைப் பற்றித்தானோ என்று காது கூசும். யாரும் அவளை ஒதுக்கவில்லை. பேசினார்கள், விசாரித்தார்கள், முற்றத்துக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஜூன் பிறந்து வெயில் ஏறியதும், ஒரு காலை கொசுவலையின்மேல் ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. கசில்தா அதைத் தட்டி விரட்டினாள். இந்தத் தடவை செடி போனால், எங்கே போய்த் திருடுவது? ஊரில் ஒரு வீட்டில்கூட இல்லை. இல்லாமல் பண்ணியது அவள்தான். அராசெலியின் செடி அவள் கையாலேயே அழிந்தது என்று ஆகிவிடும்.

அன்று மதியம், ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், கசில்தா ஒரு கிளையை ஈரத்துணியில் சுற்றி சமையலுக்கு இடுப்பில் கட்டிய துணியின் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அந்தத் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்துவிட்டாள். சுவரோரமாகவே நடந்தாள். திருடப் போகிறவளுக்கு இருக்கும் தைரியத்தில் கால்வாசிகூடக் கொடுக்கப் போகிற அவளுக்கு இல்லை.

அராசெலியின் இரும்புக் கதவு சும்மா சாத்தியிருந்தது. மெல்லத் தள்ளி உள்ளே போனாள். சுவரின் கீழ்வரிசையில், புழு தின்று காலியான தொட்டிகள் சில இருந்தன. முதலில் கைக்கு வந்ததன் முன்னால் முழங்காலிட்டு, மண்ணில் விரலால் குழி பறித்தாள். மண் கல்லாக இறுகியிருந்தது. நகம் உடைந்தது.

மேலே ஜன்னல் கிறீச்சிட்டது.

கசில்தா நிமிர்ந்தாள். மாடி ஜன்னலில் அராசெலி, உள்பாவாடையோடு, கையில் விசிறியோடு. இருவர் கண்களும் சந்தித்தன. கசில்தாவின் ஒரு கையில் கிளை, மறு கை மண்ணுக்குள். அடுத்தவள் வீட்டில் புகுந்த திருடி எப்படி மாட்டுவாளோ அப்படி மாட்டியிருந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

அராசெலி அந்தக் கிளையைப் பார்த்தாள். பிறகு விசிறியை மடக்கினாள்.

"எங்கியோ பூனை கத்துது" என்றாள். திரும்பி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

கசில்தா மறுபடி விரலை மண்ணில் அழுத்தினாள். குழியை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தப் பார்த்தாள். மேலேயிருந்து, முதுகு திரும்பாமலேயே, குரல் வந்தது.

"அது இல்லடி. பக்கத்துல, விளிம்பு உடைஞ்சது. அதுதான் அதோட தொட்டி."

கசில்தா பக்கத்துத் தொட்டியிடம் நகர்ந்தாள். அதுவும் காலிதான். வெறும் மண், ஒரு புல்கூட இல்லை. விரலை வைத்தவுடன் உள்ளே இறங்கியது. ஒரு வருஷமாக ஒன்றும் இல்லாத அந்தத் தொட்டியின் மண், சலித்த மாவு மாதிரி பொலபொலவென்று, அன்று காலை ஊற்றிய தண்ணீரின் ஈரத்தோடு இருந்தது.

கிளையை நட்டுச் சுற்றிலும் மண்ணை அழுத்தினாள். மன்னிச்சிரு என்ற சொல் தொண்டை வரை வந்தது, அதன் பின்னாலேயே நன்றியும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள். சொன்னால் பிடிக்காது. மாடியில் அந்த முதுகு அசையாமல் நிற்க, கசில்தா தலையைக் குனிந்தபடி, கதவு சத்தம் போடாமல் வெளியே வந்தாள்.